கனடா டாக்டரின் சீட்டு கோவை விமான நிலையத்தில் செல்லுமா?

கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகத் தொடங்கிய பிறகு, குன்னூரில் என் அலுவலகத்துக்கு ஒரு புதுக் கேள்வி வருகிறது: "அங்கே டாக்டரே எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெய்தானே, அம்மாவின் மூட்டு வலிக்கு இரண்டு பாட்டில் கொண்டுவரலாமா, சார்?"

கூடாது. முதலில் கனடாவே விடாது. 2018 அக்டோபரில் கஞ்சாவை அனுமதித்த அந்த நாட்டில், மருத்துவச் சான்று இருந்தாலும் அனுமதியின்றி அதை எல்லை தாண்டி எடுத்துச் செல்வது குற்றம்.

அங்கேயே வாங்கி அங்கேயே பயன்படுத்துவது வேறு. அதற்கும் அந்த நாட்டு மருத்துவர்தான் எழுத வேண்டும். நம் டாக்டரின் கடிதம் நோயின் வரலாற்றைச் சொல்லும். மருந்தை வாங்கித் தராது. பிரிட்டனில் 2018 நவம்பரிலிருந்து சிறப்பு மருத்துவர் பரிந்துரைக்கலாம். ஜெர்மனியில் மருந்துச் சீட்டு இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும். உறுப்பினர்கள் சேர்ந்து கஞ்சா வளர்த்துப் பகிர்ந்துகொள்ளும் சங்கங்களில் சேரவோ ஆறு மாதமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். தாய்லாந்து 2022இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, 2025 ஜூனில் மருந்துச் சீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. பழைய காணொளியைப் பார்த்துவிட்டு பாங்காக்குக்கு டிக்கெட் போடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

நம் சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறது, ஆனால் உரிமம், அனுமதி வழியாக மட்டும். வெளிநாட்டு டாக்டரின் சீட்டு அந்த அனுமதி ஆகாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று எடைக் கணக்கு. போதைப்பொருளோடு கலந்த மற்றப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்டிலில் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய்தான் என்று வாதாடுவது இனி எளிதல்ல. கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாயின் சர்க்கரைக்கும் இதே கதிதான். அந்த எண்ணெயை 'சரஸ்' எனும் கஞ்சாப் பிசின் வகையில் வைத்தால் 100 கிராம் வரைதான் 'சிறிய அளவு'. அதற்கே ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும்.

வழியில் விமானம் மாறும் நாட்டையும் பாருங்கள். கோவையிலிருந்து பலர் சிங்கப்பூர் வழியாகத்தான் போகிறார்கள். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. அந்நாட்டு நிரந்தரவாசி என்றால், தாய்லாந்தில் உட்கொண்டதற்கே ஊர் திரும்பியதும் வழக்கு வரலாம்.

"அப்படியானால் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்" என்று தொலைபேசியில் சொல்லும் மகன்களும் உண்டு. பெறுநர் இடத்தில் இருப்பது அம்மாவின் பெயர். பார்சலைச் சுங்கத் துறை பிரித்தால், விசாரணை முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் வரும்.