கடைசி நாலு நம்பர்

சாயங்காலம் நீலகிரியில் பந்தலூர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் இந்த லாட்டரிப் பேச்சு காதில் விழாமல் இருக்காது.

“என்னண்ணே, அடிச்சுதா?”

“எங்க தம்பி! நாலுல மூணு வந்துருச்சு. கடைசி ஒண்ணுதான் காலை வாரிருச்சு.”

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குப் பாட்டவயல் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வயநாடு. நாடுகாணியிலிருந்து மலை இறங்கினால் வழிக்கடவு. 1967இல் கேரள அரசு தொடங்கிய லாட்டரி அங்கே இன்றும் ஓடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் குலுக்கல் நடந்தால், கொஞ்ச நேரத்தில் முடிவு செல்போனுக்கு வந்துவிடும்.

முதல் பரிசின் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். வார லாட்டரியில் 12 சீரிஸ், அதாவது எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துக் குறிகள். ஒவ்வொன்றிலும் 100000 முதல் 999999 வரை ஒன்பது லட்சம் எண்கள். முழுசாக அச்சிட்டால் 1.08 கோடி டிக்கெட். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7.35 லட்சம், அப்படிப் பதினைந்து நீலகிரி சேர்ந்த கூட்டத்திலிருந்து ஒரே ஒருவரைப் பொறுக்கி எடுக்கிற மாதிரி இது. தினம் ஒரு 50 ரூபாய் டிக்கெட் என்று ஐம்பது வருஷம் விடாமல் வாங்கினால் 9,12,500 ரூபாய் செலவாகும். அதற்குப் பிறகும் வாய்ப்பு அறுநூறில் ஒன்றுதான்.

இது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள்? ‘பேராசை’ என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனமான பதில். என்னைக் கேட்டால், லாட்டரியை ஓட்டுவது முதல் பரிசே இல்லை, கடைசி நாலு நம்பர்தான்.

சின்னப் பரிசுகளுக்கு ஆறு இலக்கமும் பொருந்த வேண்டாம், கடைசி நான்கு போதும். உதாரணமாக 4271 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் 10 முதல் 99 வரை எது இருந்தாலும் பரிசு. ஆக ஒரு சீரிஸில் 90 டிக்கெட், 12 சீரிஸில் 1,080. ஒரே ஒரு எண்ணை எடுத்தால் 1,080 பேருக்குப் பரிசு! ஆளுக்கு 500 ரூபாய் என்றால் செலவு 5.4 லட்சம். எல்லா டிக்கெட்டும் விற்றால் வரவு 54 கோடி. அதாவது ஆயிரம் ரூபாய் வரவில் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயில்தான் ஒவ்வொரு ஊரிலும் ‘நம்ம ஆளுக்கு அடிச்சுது’ என்று சொல்ல ஒருவர் கிடைக்கிறார்.

அடிக்காதவர்கள் கதைதான் இன்னும் சுவாரசியம். இப்படி நூறு நான்கிலக்க எண்கள் விழுகின்றன என்று கொள்வோம். ஒரு டிக்கெட்டுக்குப் பரிசு கிடைக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. சரி, அந்த நூறில் ஏதாவது ஒரு எண்ணோடு மூன்று இலக்கம் பொருந்தி ஒன்று மட்டும் தவறிப்போக எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு எண்ணுக்கும் அப்படி 36 ‘பக்கத்து’ எண்கள் உண்டு. கணக்குப் போட்டால் நூற்றுக்குச் சுமார் 30 வருகிறது. ஒருவர் ஜெயித்தால் முப்பது பேர் ‘ஜஸ்ட் மிஸ்’ ஆகிறார்கள். டீக்கடை அண்ணன் அந்த முப்பதில் ஒருவர். அவருக்கு நடந்தது அதிசயமே இல்லை, ஆனால் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009இல் இதை மூளை ஸ்கேன் வைத்துப் பார்த்தது. சூதாட்ட இயந்திரம் போன்ற ஓர் ஆட்டத்தில் நூலிழையில் தோற்றபோது, ஜெயிக்கும்போது இயங்குகிற மூளைப் பகுதிகளில் சிலவும் இயங்கின. அந்தத் தோல்வி பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுக்கே மறுபடி ஆடும் ஆசை கூடியிருந்தது. வில்வித்தையில் குறி நூலிழையில் தப்பினால் கை பழகுகிறது என்று அர்த்தம். குலுக்கலில் அப்படி எதுவும் இல்லை. மூளை இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

‘ராசியான கடை’யும் இதே ரகம்தான். ஒரு கடையில் பெரிய பரிசு விழுந்தால் மறுநாள் அங்கே கூட்டம். அதிகம் விற்றால் அதிகம் விழத்தானே செய்யும், அப்புறம் பெயர் இன்னும் பரவும். அமெரிக்காவின் டெக்சாஸில் பெரிய பரிசு விற்ற கடைகளில் அடுத்த வாரமே விற்பனை 12 முதல் 38 சதவீதம் வரை கூடியதாக 2008இல் குரியன், கியர்னி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். “சேட்டா, கடைசி ஏழு இருக்கா?” என்று நம்மாட்கள் தேடுவதால் மட்டும் எந்த டிக்கெட்டின் வாய்ப்பும் மாறாது.

டேனியல் கானிமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979இல் சொன்னது இங்கே பொருந்தும்: மிகச் சிறிய வாய்ப்பை மனம் அதன் அளவுக்கு மீறிப் பெரிதாக எடைபோடுகிறது. டிக்கெட்டே இல்லாதவனுக்கும் ஒரு டிக்கெட் உள்ளவனுக்கும் நடுவே மனசளவில் பெரிய தூரம். ஒன்று வைத்திருப்பவனுக்கும் பத்து வைத்திருப்பவனுக்கும் நடுவே அவ்வளவு இல்லை. கொழுந்து பறிக்கும் கூலியில் மிச்சம் பிடித்து வீடு கட்ட முடியாதென்று தெரிந்த ஒருவர், அந்த ஒரு டிக்கெட்டை வாங்குவதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்தாவது டிக்கெட்டை வாங்குவதை முட்டாள்தனம் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

முதல் பரிசான ஒரு கோடி அடித்தாலும் அது முழுசாகக் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் போக, மீதியில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் 27 லட்சம். நிற்பது 63 லட்சம். அதற்கு மேலும் சர்சார்ஜ், செஸ் என்று கூடுதல் வரிகள் உண்டு. டிக்கெட்டை 30 நாளுக்குள் ஒப்படைக்கவும் வேண்டும். 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, யாரும் வந்து கேட்காத பரிசுப் பணம் மாநில அரசுக்கே போய்விடும்.