பீட்டா என்றால் வெள்ளோட்டம்

"பேட்டாவா? அது லாரி டிரைவருக்குக் கொடுக்கிறதுல்லா தம்பி?"

மளிகைக் கடைகளுக்கான பில் போடும் செயலி ஒன்றை நாங்கள் நாலு பேர் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தோம். பாளையங்கோட்டையில் தெரிந்த ஒரு கடையில் அதை முதன்முதலாகப் போட்டுக் கொடுத்தபோது, திரையின் மேல் மூலையில் 'பீட்டா' என்று இருந்ததைப் படித்துவிட்டு அண்ணாச்சி இப்படிக் கேட்டார். சோதனைப் பதிப்பு என்று விளக்கினேன். "யாரைச் சோதிக்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

பீட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. முதல் எழுத்தான ஆல்பாவையும் இதையும் சேர்த்துத்தான் 'ஆல்பபெட்' என்ற சொல்லே பிறந்தது. கிரேக்கர்கள் இந்த எழுத்தை ஃபினீசியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஃபினீசியர் அதை 'பெத்' என்றார்கள், வீடு என்று பொருள். (பெத்துக்கும் வீட்டுக்கும் உறவு கண்டுபிடிக்க யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒலி கிட்டத்தட்ட ஒத்துப்போவது தற்செயல்.)

எழுத்தின் பெயர் சோதனையின் பெயரானதற்குக் காரணம் ஐபிஎம் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம். 1950களிலேயே அங்கே புதிய வன்பொருளுக்கு ஏ சோதனை, பி சோதனை என்று படிகள் வைத்திருந்தார்கள். இதைச் செய்ய முடியுமா, செய்வதில் பலன் உண்டா என்று தொடக்கத்திலேயே பார்ப்பது ஏ. செய்து முடித்த மாதிரி சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பது பி. ஏ ஆல்பாவானது, பி பீட்டாவானது. ஐபிஎம் பின்னாளில் இந்தப் பெயர்களைக் கைவிட்டுவிட்டாலும் மென்பொருள் உலகம் பிடித்துக்கொண்டது. இன்று ஆல்பா என்றால் உருவாக்குபவர்கள் தங்களுக்குள் ஓட்டிப் பார்ப்பது, பீட்டா என்றால் வெளியாள் கையில் கொடுத்துப் பார்ப்பது.

ஆக, 'இரண்டாவது' என்பதற்கு மேல் இந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. தேர்வுத் தாளில் 'ஆ' பிரிவு என்று போடுவதைப் போலத்தான். கூகுளின் ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று, மற்றவர்கள் சில எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜிபி தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. 2009 ஜூலை 7 வரை, ஐந்து வருஷத்துக்கும் மேல், அதன் முத்திரையில் 'பீட்டா' ஒட்டிக்கொண்டே இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் தினமும் பயன்படுத்திய ஒன்றுக்கு அந்தப் பெயர் நிலைத்ததென்றால், சொல்லில் பொருள் காலியாக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு 'வெள்ளோட்டம்' இருக்கிறது. புதிதாகச் செய்த தேரையோ கப்பலையோ முதலில் ஓட்டிப் பார்ப்பது. வெள் என்பதற்கு நிறம் மட்டும் பொருளல்ல, வெறுமையும் உண்டு. ஒன்றும் எழுதாத தாளை 'வெள்ளைத்தாள்' என்கிறோமே, அதை நிறத்துக்காக மட்டுமா சொல்கிறோம்? மரமோ மலையோ மறைக்காத திறந்த வெளிக்கு 'வெள்ளிடை' என்று பழைய பெயர். அந்த வரிசையில் வைத்தால், வெள்ளோட்டம் வெறுமையாக ஓடும் ஓட்டம்.

புதுத் தேர் வெள்ளோட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அன்று வடம் உண்டு, மேளம் உண்டு, ஊரே கூடியிருக்கும். ஆனால் உற்சவர் தேரில் ஏறுவதில்லை. பல ஊர்களில் கலசம் மட்டும் வைத்து இழுப்பார்கள். அச்சு தாங்குகிறதா, மேற்கு மூலையில் திரும்பும்போது தேர் எந்தப் பக்கம் சாய்கிறது, மின்கம்பி தட்டுகிறதா என்பதெல்லாம் அன்றுதான் தெரியும். கொட்டகைக்குள் நிற்கும் தேரில் இதில் எதுவும் தெரியாது. உண்மையான தெரு, உண்மையான கூட்டம், சாமி மட்டும் இல்லை. பீட்டா சோதனையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

தேரை ஒட்டிய மற்ற சொற்களும் மென்பொருளுக்குப் பொருந்துவது வேடிக்கை. சக்கரத்தின் அடியில் கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் உதவுவது முட்டுக்கட்டை. வேலையை மேலே நகரவிடாத பிழையை நாங்கள் 'பிளாக்கர்' என்று பட்டியலில் சிவப்பாகக் குறிப்போம், அதற்கு முட்டுக்கட்டையே சரியான பெயர். ஓடி முடிந்த தேர் 'நிலைக்கு வந்தது' என்பார்கள். சோதனையெல்லாம் முடிந்து உறுதியான 'ஸ்டேபிள்' பதிப்பை நிலைப் பதிப்பு என்றால் என்ன குறை?

சிலர் பீட்டாவை 'முன்னோட்டம்' என்று எழுதுகிறார்கள். முன்னோட்டம் காட்டுவதற்கு, படத்துக்கு டிரெய்லர் விடுவதைப் போல. வெள்ளோட்டம் பார்ப்பதற்கு. தேர்ச்சக்கரம் மண்ணில் இறங்கும் நாளைப் போய் யாரும் முன்னோட்டம் என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொரு குழப்பம் கொஞ்சம் பெரியது. 'லாஞ்ச்' என்பதற்கு அகராதியில் வெள்ளோட்டம் என்று கண்டு, "எங்கள் செயலியின் வெள்ளோட்ட விழா" என்று அழைப்பிதழ் அடித்துவிடுகிறார்கள். இதற்குக் கப்பல் துறையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் லாஞ்ச் என்பது ஈட்டியைக் குறிக்கும் 'லான்ஸ்' என்ற சொல்லின் உறவு. எறிதல் என்பதிலிருந்து, கப்பலை நீரில் இறக்குதல் என்று வளர்ந்தது. (நம் கரையோரத்தில் மோட்டார் படகை லாஞ்சு என்பது வேறு வேர். மலாய் மொழியிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்தது என்பார்கள்.) கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 2013 ஆகஸ்ட் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. அன்று அது ஏறக்குறைய வெறும் உடல்தான். கடலில் ஓட்டிப் பார்த்தது 2021 ஆகஸ்டில். கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 2. முதல் தேதி லாஞ்ச், இரண்டாவது வெள்ளோட்டம்.

கப்பலுக்கு லாஞ்ச் முதலில் வருகிறது, வெள்ளோட்டம் பின்னால். மென்பொருளில் இது தலைகீழ்: பீட்டாவெல்லாம் முடிந்து, பயனர் கூட்டம் ஏறப்போகும் நாளைத்தான் லாஞ்ச் என்கிறோம். சொல் அதேதான், இடம் மாறிவிட்டது. அதனால் அங்கே வெள்ளோட்டம் என்று போட்டால், "இன்னும் சரிபார்க்கவில்லை, வந்து ஏறுங்கள்" என்று வாடிக்கையாளரை அழைத்ததாக ஆகிவிடும். 'வெளியீடு' என்ற சொல்லே போதும். ஆடியோ லாஞ்ச்சை இசை வெளியீடு என்று சினிமாக்காரர்கள் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள்.

சரி, அண்ணாச்சி கடைக்கு வருவோம். முதல் நாள் மாலை ஒரு சிறுமி வந்து, "பத்து ரூவாய்க்கு சீரகம்" என்றாள். எங்கள் திரை எத்தனை கிராம் என்று கேட்டது. எடை போடாமல் ரூபாய்க்கு ஒரு கைப்பிடி மடித்துக் கொடுக்கும் வியாபாரம் எங்கள் நாலு பேர் மூளையிலும் தோன்றவே இல்லை. அண்ணாச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் சீரகத்தை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிரவே அதற்கு ஒரு பொத்தான் வைத்தோம். கூடவே மேல் மூலையில் 'பீட்டா'வை எடுத்துவிட்டு 'வெள்ளோட்டம்' என்று போட்டேன்.

மறுநாள் காலை அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"அப்போ இன்னும் சாமி ஏறலை."

"ஆமா அண்ணாச்சி."

கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய பற்று வரவு நோட்டை எடுத்து, செயலிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார்.