படத்தில் தெரிவதெல்லாம் வாயு இழை அல்ல

விண்மீன்களுக்கு இடையே பல நூறு ஒளியாண்டு நீளமுள்ள வாயு இழையைக் கண்டுபிடித்தார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. கூடவே நீலமும் ஆரஞ்சுமாக ஒரு படம். ரேடியோ தரவுகளோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாக இருப்பதால் சொல்கிறேன்: அந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

நிறம் நாங்கள் பூசியது. அது போகட்டும். ஆழம் தெரியாததுதான் உண்மையான சிக்கல். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வெகுதொலைவில் இருக்கும் இரண்டு மேகங்கள், நம் பார்வைக்கு ஒரே இழையாகச் சேர்ந்து தெரியலாம். விளிம்பை நம் பக்கம் திருப்பியிருக்கும் தகடும் இழையாகவே தோன்றும். மஸ்கா மேகம் நல்ல உதாரணம். பார்த்தால் ஊசிபோல் மெலிந்த இழை. 2018இல் ஒரு குழு, அதன் அதிர்வுகளைக் கணக்கிட்டு, அது தகடு என்றது. ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

சரி, எப்படிப் பிரித்தறிவது? வேகத்தை வைத்துத்தான். இந்த வாயு சுமார் மைனஸ் 260 டிகிரி குளிரில் கிடக்கிறது. அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு கண்ணில் படாது. அதனால் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடைத் தேடுகிறோம். அது வெளியிடும் ரேடியோ அலையின் அலைவரிசை 115.27 கிகாஹெர்ட்ஸ். வாயு நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் விலகினால் அது 0.38 மெகாஹெர்ட்ஸ் குறையும். தரவை வேகம் வேகமாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தால், படத்தில் ஒன்றாக இருந்தது சில சமயம் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரே புள்ளியில் வேகத்துக்கு எதிராக ஒளியின் அளவை வரைந்து, இரண்டு முகடுகள் தெரிந்தாலும் உடனே நம்பக் கூடாது. அடர்த்தியான இடத்தில் வாயு தன் ஒளியைத் தானே விழுங்கி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கலாம். அளவில் குறைந்த, அதனால் தன் ஒளியை அவ்வளவாக விழுங்காத அரிய ஐசோடோப்பு கொண்ட கார்பன் மோனாக்சைடில் இன்னொரு முறை பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ரிஷப மண்டலத்தில் சுமார் 30 ஒளியாண்டு நீளமுள்ள இழை ஒன்றை 2013இல் இப்படி அலசியபோது, கயிற்றுக்குள் புரிகள்போல 35 சிறு நார்கள் பிரிந்து வந்தன.

இழை உண்மையானதுதான் என்றால், அடுத்து அதன் நீளத்தை அல்ல, ஒரு அலகு நீளத்தில் எவ்வளவு நிறை இருக்கிறது என்பதைக் கேட்பேன். 10 கெல்வினில் (சுமார் மைனஸ் 263 டிகிரி), 3.26 ஒளியாண்டுக்குச் சுமார் 16 சூரிய நிறை என்பது எல்லை. தாண்டினால், காந்தப்புலமோ கொந்தளிப்போ தாங்காதவரை, இழை தன் எடையிலேயே நொறுங்கும். அதுவும் கண்டபடி உடையாது, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் முடிச்சுகளாகத் திரளும். இயற்பியலாளர்கள் சந்திரசேகரும் ஃபெர்மியும் 1953இலேயே வாயு உருளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். நெஸ்ஸி என்ற நீண்ட இருண்ட இழையில் இருக்கும் முடிச்சுகளை 2010இல் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம், அலைவரிசை மாறுவதை வைத்து வேகத்தை அளக்கும் இந்த டாப்ளர் முறைக்கும் ஒரு குறை உண்டு. நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம் மட்டுமே அதில் கிடைக்கும். 2020இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 9000 ஒளியாண்டு நீளமுள்ள ராட்கிளிஃப் அலை என்ற வாயு மேகங்களின் தொடர் மேலும் கீழுமாக ஆடுகிறதா என்று அறிய வாயுவின் வேகம் மட்டும் போதவில்லை. அதில் பிறந்த இளம் விண்மீன் கொத்துகளின் பக்கவாட்டு நகர்வை கையா விண்கலம் அளந்திருந்தது. அதைச் சேர்த்த பிறகே, 2024இல், ஆடுகிறது என்று சொல்ல முடிந்தது.