ஃபைலில் எல்லாம் நார்மல்

போன வாரம் ஓபிக்கு வந்த ஒரு அப்பா, உட்காருவதற்கு முன்பே பிளாஸ்டிக் உறை போட்ட ரிப்போர்ட் ஒன்றை மேஜைமேல் வைத்தார். பையனுக்கு 2 வயது 8 மாதம். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிகள், எல்லாவற்றுக்கும் நேராகப் பச்சை எழுத்தில் 'நார்மல்'. "பேச்சு மட்டும் வரலை டாக்டர். ஆட்டிசமா இருக்காது, அதெல்லாம் பொறந்தப்பவே டெஸ்ட் எடுத்தாச்சு" என்றார்.

பையன் தரையில் உட்கார்ந்து, பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு ஒரே ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி நான்கு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. டிராயரில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரக்க விட்டதும் டக்கென்று திரும்பினான். ஓடி வந்து என் கையைப் பிடித்து பாக்கெட்டின்மேல் வைத்தான். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்றார் பாட்டி.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஃபைல் இது. பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

பிறந்த குழந்தையிடம் ரத்தம் எடுத்து 'ஆட்டிசம் உண்டு, இல்லை' என்று சொல்லும் பரிசோதனை இன்றைக்கு எந்த ஊரிலும் கிடையாது. எவ்வளவு பணம் கட்டினாலும் கிடையாது. குதிகால் ரத்தத்தில் தேடுவது வேறு நோய்களை: பிறவித் தைராய்டுக் குறைபாடு, பினைல்கீட்டோனூரியா (ஒரு அமினோ அமிலத்தை உடலால் சரியாகக் கையாள முடியாத நோய்) போன்றவை. அங்கே ஒரு ஹார்மோனோ அமினோ அமிலமோ கூடியிருக்கும், குறைந்திருக்கும், அளந்தால் தெரிந்துவிடும். (அந்தத் தைராய்டு டெஸ்டைத் தயவுசெய்து விடாதீர்கள். பிறந்ததும் செய்யும் காது சோதனையையும் விடாதீர்கள். என்னிடம் ஆட்டிசம் டெஸ்ட் கேட்பவர்களில் பல பேர் இந்த இரண்டையும் செய்திருக்க மாட்டார்கள்.) ஆட்டிசத்தில் அப்படி அளந்து பார்க்க ஒற்றைப் பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன, வீட்டுக்கு வீடு வேறு சேர்க்கை.

"நியூஸ்ல வந்துச்சே டாக்டர்?" வந்தது. 2001-ல் கலிபோர்னியாவில், பிறந்தபோது எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் நான்கு புரதங்கள் கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். அறிவுத்திறன் குறைபாடு மட்டும் இருந்த குழந்தைகளுக்கும் அவை கூடுதலாகவே இருந்தன. சில ஆண்டுகள் கழித்து வேறு முறையில் அளந்தபோது அதே முடிவு வரவில்லை. 2013-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நச்சுக்கொடியைப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஆட்டிசக் குழந்தை உள்ள குடும்பங்களின் 117 நச்சுக்கொடிகளில், செல் மடிப்புகள் மற்றவர்களைவிட அதிகம். பிறந்த அன்றே ஆட்டிசம் தெரிந்துவிடும் என்று செய்தி பறந்தது. அந்த 117 குழந்தைகளில் யாருக்குப் பிற்பாடு ஆட்டிசம் என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. 2024-ல் ஜப்பானின் ஃபுகுய் பல்கலைக்கழகம் 200 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு கொழுப்பமிலப் பொருளை அளந்து, 6 வயதில் அவர்களிடம் பார்த்த ஆட்டிச அறிகுறிகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் வாட்ஸ்ஆப்பில் அது 'ஆட்டிசத்தின் காரணம் கண்டுபிடிப்பு' ஆகிவிட்டது.

இந்த மாதிரிச் செய்திகளில் எனக்கு அதிகம் கோபம் வருவது '90 சதவீதம் துல்லியம்' என்ற வார்த்தையில்தான். ஆட்டிசம் 100-க்கு ஒரு குழந்தைக்கு என்றே வைத்துக்கொள்வோம். 10,000 குழந்தைகளில் 100 பேர். நாளைக்கே ஒரு டெஸ்ட் வருகிறது, இருப்பவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவரில் 90 சதவீதத்தை இல்லை என்றே சொல்லும். சரி. அந்த 100 பேரில் 90 பேரைப் பிடித்துவிட்டது. மீதி 9,900 பேரில் 10 சதவீதம், அதாவது 990 குழந்தைகளுக்கும் 'உண்டு' என்று தப்பாகச் சொல்லும். ஆகமொத்தம் 'உண்டு' என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்பும் 1,080 குடும்பங்களில் 990 குடும்பங்கள் காரணமே இல்லாமல் கலங்கிப்போகும். 12 பேரில் 11 பேருக்குத் தப்பு! இதற்குப் பெயர் துல்லியமா? அப்புறம், நழுவிப்போன அந்த 10 குழந்தைகள் கையில் பச்சை எழுத்து ரிப்போர்ட் இருக்கும்.

இன்னொன்று. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள், கைக்குழந்தையாக இருந்தபோது எங்கே பார்த்தார்கள் என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. 2 மாதத்தில் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் கண்களைப் பார்த்தார்கள். 2 முதல் 6 மாதத்துக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வளர வளர வெளிப்படுவதை மூன்றாம் நாள் ரத்தத்தில் எப்படித் தேட?

ஆகவே குழந்தையைப் பாருங்கள். மொட்டைமாடியில் காக்கா காட்டிச் சோறு ஊட்டுகிறீர்களே, அப்போது விரல் நீட்டிய திசையில் பார்க்கிறதா? தானே விரல் நீட்டிக் காட்டிவிட்டு, 'நீயும் பார்த்தியா' என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். 16 மாதத்தில் ஒற்றைச் சொல், 2 வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொல். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே வாருங்கள். ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று யார் சொன்னாலும் வாருங்கள். 16 முதல் 30 மாதத்துக்குள், ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கப் பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் என்று 20 கேள்விகள் உண்டு, பத்து நிமிட வேலை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு) மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். பயிற்சி ஆரம்பிக்க, 'ஆட்டிசம்' என்று எழுதிக் கையெழுத்தாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செல்போனைப் பிடுங்கிவிட்டு இன்றைக்கே தரையில் உட்கார்ந்து விளையாடலாம்.

மரபணு டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. உறுதியான பிறகு காரணம் தேட நாங்களே எழுதுவோம். பலருக்கு அதிலும் ஒன்றும் தெரியாது.

அந்தப் பையனின் அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போதுதான் சொன்னார்: "14 மாசத்துலயே சொன்னேன் சார், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான்னு. இந்த ரிப்போர்ட்டத்தான் எடுத்துக் காட்டினாங்க." அவருக்கு இப்போது ஐந்தாம் மாதம். "இந்தக் குழந்தைக்கு வேற நல்ல டெஸ்ட் இருக்கா?" என்று கேட்டார். அண்ணனுக்கு ஆட்டிசம் என்றால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு ஏறக்குறைய 5-ல் 1 என்பதை மறைக்காமல் சொன்னேன். ஃபைல் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: பிறந்ததும் காது, தைராய்டு. அப்புறம் 9, 12, 18, 24 மாதங்களில் என்னிடம். "நடுவுல உங்களுக்கு ஏதாவது சரியில்லைன்னு தோணினா, யாரையும் கேக்காம தூக்கிட்டு வந்துடுங்கம்மா" என்றேன். அப்பா ஃபைலை மெதுவாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.