பெயரை அழித்தால் போதாது: ஜீனோம் டேட்டா எப்படிக் கைமாறுகிறது

நம் 11-ஆம் குரோமோசோமில், இதயத் தசை சுருங்கி விரிவதற்கு வேண்டிய ஒரு புரதத்துக்கான மரபணு இருக்கிறது. எம்ஒய்பிபிசி3 என்று பெயர். அதில் 25 டிஎன்ஏ எழுத்துகள் மட்டும் விடுபட்டுப்போன ஒரு வடிவம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்கு இருக்கிறது, அதற்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2009-இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஐரோப்பியர்களிடம் இது அநேகமாகக் கிடையாது. அவர்களை மட்டும் எத்தனை லட்சம் பேர் சோதித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

இங்கேயும் ஒரு ஆஸ்பத்திரி தனியாக இதை உறுதிப்படுத்திவிட முடியாது. நோயாளிகள் 100 பேரில் 8 பேருக்கும் நோயில்லாத 100 பேரில் 4 பேருக்கும் இந்த விடுபடல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது தற்செயலாகவும் அமையலாம், அதை வைத்து யாரும் முடிவுக்கு வரமாட்டார்கள். ஆயிரக்கணக்கான பேரிலும் அதே விகிதம் நின்றால்தான் நம்பலாம். அத்தனை பேர் வேண்டுமென்றால் பல ஊர் ஆஸ்பத்திரிகளின் டேட்டா சேர வேண்டும். அப்புறம் இந்த விடுபடல் இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பக்கத்திலேயே இருக்கும் வேறு மாற்றமும் காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதைப் பிரித்தறிய இன்னும் அதிகம் பேர் வேண்டும்.

சரி, சேர்ப்பது என்றால் உண்மையில் எதைச் சேர்க்கிறார்கள்?

ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் லேபுக்கு வருகிறது. வெள்ளை அணுக்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துத் துண்டு துண்டாக்கினால், மெஷின் ஒவ்வொரு துண்டிலும் சுமார் 150 எழுத்துகளைப் படிக்கும். ஒருவருடைய மொத்த டிஎன்ஏவும் சேர்ந்ததுதான் ஜீனோம், அதில் 300 கோடிக்கு மேல் எழுத்துகள், எங்கேயாவது தப்பாகப் படித்தால் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவை படிப்பது வழக்கம். ஒரு ஆளுக்கே பல பத்து ஜிபி ஆகிவிடும். இதைப் பொதுவான மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் எழுதினால் ஆளுக்கு 40 முதல் 50 லட்சம் வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் குரோமோசோம் எண், அதில் எத்தனையாவது இடம், மாதிரியில் என்ன எழுத்து, இவரிடம் என்ன எழுத்து, பிறகு 0/1 என்று ஒரு குறி. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருக்கிறது என்று அர்த்தம். 1/1 என்றால் இரண்டிலும்.

இந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு நோயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஆளின் வயது, எடை, ரத்த அழுத்தம், எக்கோ ரிப்போர்ட், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் கூடவே வர வேண்டும், தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெங்களூரு லேபில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 என்று இருக்கும், லண்டன் கோப்பில் அதே அளவு 7 என்று இருக்கும். ஒன்று மில்லிகிராம் கணக்கு, இன்னொன்று மில்லிமோல் கணக்கு, 18-ஆல் பெருக்கினால்தான் இரண்டும் ஒன்றாகும். கவனிக்காமல் ஒட்டிவிட்டால் லண்டன்காரர் எல்லோருக்கும் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாகக் கணக்கு காட்டும். இதாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ‘சர்க்கரை நோய் உண்டா’ என்ற கட்டத்தில் ஒருவர் ‘ஆம்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 1 என்று போட்டிருப்பார், மூன்றாமவர் காலியாக விட்டிருப்பார். காலி என்றால் நோய் இல்லையா, கேட்கவே இல்லையா? இதற்காகத்தான் நோய்களுக்கு உலகப் பொதுவான குறியீடுகள் இருக்கின்றன, உதாரணமாக ஐசிடி-10 பட்டியலில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இ11. என்னைக் கேட்டால் டேட்டா பகிர்வதில் பாதிக்கு மேல் வேலை இந்தச் சுத்தம் செய்வதுதான், ஆனால் இதைச் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை மிகவும் குறைவு. அது மாற வேண்டும்.

பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு குறியீட்டு எண் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. ஜீனோமே ஒரு அடையாளம்தான், சரியாகத் தேர்ந்தெடுத்தால் நூறு இடங்கள்கூட வேண்டாம், ஒருவரை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துவிடலாம். 2008-இல் இதைவிடப் பெரிய அதிர்ச்சி வந்தது. தனி ஆள் டேட்டாவை வெளியிடாமல், ‘இந்த நோயாளிக் குழுவில் இந்த மாற்றம் இத்தனை சதவீதம்’ என்ற தொகுப்பு எண்களை மட்டும் வெளியிட்டாலும், ஒருவரின் டிஎன்ஏ விவரம் கையில் இருந்தால் அவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று சொல்லிவிடலாம் என்று நிரூபித்தார்கள். ஒரு இடத்தில் கிடைக்கும் தடயம் நூலளவுதான், பல்லாயிரம் இடங்களில் கூட்டிப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே அப்படிப்பட்ட எண்களைப் பொதுவெளியிலிருந்து எடுத்துவிட்டது. 2013-இல் குடும்பப் பெயரைப் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை வம்சாவளி இணையதளங்களோடு ஒப்பிட்டு, குடும்பப் பெயரையே கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான், அதனால் இந்த வித்தை நம்மிடம் அவ்வளவாகப் பலிக்காது. ஆனால் நம் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகங்கள் நம்முடையவை. ஒரு கோப்பில் ‘84 வயது, பெண், இன்ன சமூகம், இன்ன தாலுகா’ என்று இருந்தால், அந்த ஊர்க்காரர் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார். அப்படியானால் சமூக விவரத்தை அழித்துவிடலாமே என்றால், மருத்துவத்துக்கு அது தேவைப்படுகிறது. தென்னிந்தியாவின் வைசியர் சமூகத்தில் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவாக இருப்பது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் குறை உள்ளவருக்கு ஆபரேஷனின்போது சில வகைத் தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால், சில நிமிடங்களில் தீர வேண்டிய செயலிழப்பு மணிக்கணக்கில் நீளும், மூச்சுகூடத் தானாக விட முடியாது. மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் உயிர் காக்கும் விவரம் இது. ஆளைக் காட்டிக்கொடுப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே விவரம்தான்.

அதனால்தான் அடுக்கு அடுக்காகப் பகிர்கிறார்கள். முதல் அடுக்கு முழுக்கத் திறந்தது: ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் டேட்டாவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அதில் ஒரு குழு. அப்படித் திறந்து வைக்கச் சம்மதித்தவர்கள் அவர்கள், நோய் விவரம் எதுவும் அதில் இல்லை. நோய் விவரத்தோடு வருவது அடுத்த அடுக்கு. அதற்கு யார், எதற்காக, எத்தனை நாளுக்கு என்று எழுதிக் கமிட்டிக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆளைக் கண்டுபிடிக்க முயலமாட்டேன், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு தடவை இறக்கிக்கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் காகிதத்தில் போட்ட கையெழுத்துதான் காவல்.

ஆகவே பெரிய திட்டங்கள் இப்போது டேட்டாவை வெளியே அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. சுமார் ஐந்து லட்சம் பேரின் டேட்டா வைத்திருக்கும் யுகே பயோபேங்க், ஆய்வாளரைத் தன் கிளவுட் தளத்துக்குள்ளேயே வந்து வேலை செய்யச் சொல்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது மாதிரி. இப்படிப்பட்ட பல தளங்களில் வெளியே போகும் குறிப்புகளையும் சரிபார்த்து, விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர் மட்டும் வரும் கட்டங்களை மறைத்துவிடுவார்கள். இன்னொரு வழி, டேட்டாவை அசைக்காமல் புரோகிராமை அனுப்புவது. பெங்களூரு, டெல்லி, மும்பை ஆஸ்பத்திரிகள் அதே புரோகிராமை அவரவர் சர்வரில் ஓட்டி, இந்த மாற்றம் நோய் வாய்ப்பை எவ்வளவு கூட்டுகிறது, அந்த எண் எவ்வளவு தூரம் தடுமாறலாம் என்ற இரண்டு எண்களை மட்டும் தரும். தடுமாற்றம் குறைந்த எண்ணுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுத்தால் மூன்று ஊர் முடிவும் ஒன்றாகிவிடும். இதில் ஒரு நோயாளியின் ஒரு வரிகூட ஊரைத் தாண்டாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஆனால் மேலே சொன்ன சுத்தம் செய்யும் வேலை மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நடந்திருந்தால்தான் பலிக்கும்.

இந்தியாவில் இதற்கான பெரிய முயற்சி ஜீனோம் இந்தியா. இங்கே பெங்களூருவில் இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைக்க, 20 நிறுவனங்கள் சேர்ந்து 2020-இல் தொடங்கியது. 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் ஜீனோம் பற்றிய முதல் அறிக்கை 2025-இல் வந்தது. டேட்டா இருப்பது ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில், விதிகளுக்கு உட்பட்டு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்கு அது கிடைக்கும்.

இவ்வளவும் நிற்பது ஒரு ஒப்புதல் படிவத்தின் மேல். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா ஒரு முகாமில் கொடுத்த படிவத்தைக் கொண்டுவந்து, “தம்பி, ரத்தம் குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா இங்கிலீஷ்லயும் கன்னடத்துலயும் பக்கம் பக்கமா இருக்கே, எதுக்குன்னே தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறையே சொல்கிறது, தமிழில் கேட்பது அவருடைய உரிமை. எதற்கென்று தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் சாட்சி. சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பிக் கொடுத்த ரத்தத்தை மனநோய் ஆய்வுக்கும், தங்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தியது தெரிந்ததும் வழக்குப் போட்டார்கள். 2010-இல் ரத்தத்தை வாங்கிய அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சம் இருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தர வேண்டி வந்தது.

அக்கா கேட்ட அடுத்த கேள்வி: “பின்னாடி வேண்டாம்னு சொன்னா அழிச்சிடுவாங்களா?” பாதி அழிப்பார்கள். மீதியுள்ள ரத்தத்தை அழிக்கலாம், அடுத்து வெளியாகும் தொகுப்பிலிருந்து அவருடைய வரிகளை எடுத்துவிடலாம், ஆனால் ஏற்கெனவே கணக்கிட்டு வெளியான முடிவுகளிலிருந்து அவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. இறக்கிக்கொண்டுபோன பிரதிகளை அழிக்கச் சொல்லிக் கடிதம்தான் போடலாம். டேட்டா வெளியே போகாத ஏற்பாடு என்றால் இருப்பது பெரும்பாலும் அந்த மையத்தின் பிரதிதான், அங்கே அழித்தால் அழிந்ததுதான். அதனால் படிவத்தில் இந்த இரண்டில் எது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.