ஜானர்: வகைமையும் கலம்பகமும்

படமோ தொடரோ, பேச்செடுத்ததும் வரும் முதல் கேள்வி 'எந்த ஜானர்?' என்பதுதான். ஜானர், ஜெனர், ழான்ர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பிரெஞ்சுச் சொல், ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. அதன் மூலம் லத்தீனில் உள்ள 'கெனுஸ்'. பிறப்பு, குலம், இனம் என்று பொருள். வடமொழியின் ஜனனம், ஜாதி ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவைதான். ஆக, ஒரு படைப்பின் ஜானரைக் கேட்பது அது எந்தக் குலத்தில் பிறந்தது என்று விசாரிப்பது.

தமிழில் இதற்கு 'வகைமை' என்ற சொல் இலக்கிய ஆய்வில் வேரூன்றிவிட்டது. 'வகை' போதாதா என்றால், போதாது. அரிசியிலும் துணியிலும்கூட வகை உண்டு. ஒரு கதை இப்படித் தொடங்கும், இப்படி நகரும் என்று நம்மை எதிர்பார்க்க வைக்கும் பண்பையும் சேர்த்துச் சொல்கிறது வகைமை. துப்பறியும் வகைமை, திகில் வகைமை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறாது.

'கௌபாய் பீபாப்' போன்ற தொடரைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் இந்தச் சொல்லும் தடுமாறுகிறது. ஷினிச்சிரோ வதனபே இயக்கத்தில் 1998இல் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 26 பகுதி அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர், அது. கதைக்காலம் 2071. மீன்பிடிக் கப்பலாக இருந்த ஒரு பழைய விண்கலத்தில் வசித்தபடி, தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துப் பிழைக்கிறது ஒரு சிறு கூட்டம். முதல் பகுதியில் அந்தக் கூட்டத்தில் ஒருவனான ஜெட் சமைக்கிறான். மாட்டிறைச்சியும் குடைமிளகாயும் என்கிறான். கூட்டாளி ஸ்பைக்கின் தட்டைப் பார்த்தால் குடைமிளகாய் மட்டும்தான் இருக்கிறது. கையில் காசில்லாதபோது இதற்கும் அதே பெயர்தான் என்பது ஜெட்டின் வாதம். எதிர்காலமும் விண்வெளியும் அந்த ஒரு தட்டில் நம் வீட்டு மாதக் கடைசியாகிவிடுகின்றன. எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஐந்தாம் பகுதி முழுக்க நிழலுலகக் கதை: தேவாலயம், துப்பாக்கிச் சண்டை, உடைந்த வண்ணக் கண்ணாடியோடு மெதுவாக விழும் ஸ்பைக், பின்னால் ஒரு மெல்லிய சேர்ந்திசை. பதினோராம் பகுதியிலோ குளிர்பெட்டியில் மறந்துபோன கல் இறால் கெட்டு, அதிலிருந்து ஏதோ ஒன்று உயிர்பெற்றுக் கப்பலில் அலைகிறது, அசல் திகில். இவற்றை இணைப்பது யோகோ கன்னோவின் இசை. பீபாப் என்பதே 1940களில் நியூயார்க்கில் வளர்ந்த ஜாஸ் பாணியின் பெயர். ஜதி சொல்வதுபோல, அகராதிப் பொருளில்லாத அசைகளை வாயால் பாடியதிலிருந்து வந்த சொல் அது. தொடரின் பகுதிகளுக்கும் இசைக்காரர்களின் வழக்கப்படி 'செஷன்' என்றே பெயர். தானே ஒரு புதிய ஜானராக ஆகப்போகும் படைப்பு இது என்று விளம்பர இடைவேளையில் காட்டும் அட்டையில் துணிந்து எழுதியும் வைத்தார்கள்.

இதை 'மிக்ஸ்டு ஜானர்' என்று எழுதுகிறார்கள். 'வகைமைக் கலப்பு' என்றால் பொருள் சரி, ஆனால் பாலில் தண்ணீர் கலந்த நினைப்பு வருகிறது. 'மசாலா' பொருந்தாது, அரைத்த மசாலாவில் மிளகு எது, மல்லி எது என்று தெரியாது. நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: கலம்பகம். பல பூக்களைக் கலந்து கட்டிய மாலை என்பது அதன் பொருள். 'களிவண்டு மிழற்றிய கலம்பகம் புனைந்த அலங்கலந் தொடையல்' என்று திருப்பள்ளியெழுச்சியில் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடுவது அந்த மாலையைத்தான். பிறகு அதுவே ஒரு சிற்றிலக்கியத்தின் பெயராயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகம் தொடங்கி, தூதும் ஊசலும் அம்மானையும் மறமும் இரங்கலும் பலவகைப் பாக்களில் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நிறம் மாறாமல் இருக்கிறது. கலப்பே ஒரு தனி வகைமையாக நின்றுவிட்டது. அந்த இடைவேளை அட்டை சொன்னதும் இதைத்தானே!

கலம்பகம் குறிப்பிட்ட ஓர் இலக்கிய வடிவத்தின் பெயராயிற்றே, பொதுச்சொல்லாக்கினால் குழப்பாதா என்று கேட்கலாம். முன்னால் ஓர் அடை சேர்த்தால் குழப்பாது. தனித்த ஒன்றுக்கு வகைமை: 'இது திகில் வகைமைப் படம்.' பலவும் தம் நிறம் கெடாமல் கோத்து வந்தால் கலம்பகம்: 'கௌபாய் பீபாப் ஓர் அறிபுனை (அறிவியல் புனைவு)க் கலம்பகம்.'