த்வார்ட் என்பது சீட் இல்லை, குறுக்குக்கட்டை

பழைய மரக் கனூவை, அதாவது கையில் பிடித்த துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகை, புதுப்பிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "நடுவுல இருக்கற சீட்ட கழட்டிட்டா சாமான் வைக்க இடம் கிடைக்குமே அண்ணே, கழட்டலாமா?" என்பதுதான். பட்டவொர்த்திலும் கேட்டிருக்கிறார்கள், தெலுக் பகாங்கிலும் கேட்டிருக்கிறார்கள். அது சீட் இல்லை தம்பி, த்வார்ட், படகின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வைக்கும் கட்டை. தயவுசெய்து கழற்றாதீர்கள்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்கிவிட்டது. துடுப்பு வலிப்பவர் உட்காரும் பலகைக்குப் பழைய ஆங்கிலத்தில் தொஃப்ட் என்று வேறொரு சொல் இருந்தது. த்வார்ட் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, பொருள் 'குறுக்கே'. உட்காரும் பலகையும் படகின் குறுக்கேதானே கிடக்கிறது, அதனால் காலப்போக்கில் இரண்டும் கலந்து பலகைக்கும் த்வார்ட் என்ற பெயரே நின்றுவிட்டது. துடுப்பை விளிம்பில் பொருத்தி வலிக்கும் துடுப்புப் படகில் இதனால் கெடுதல் இல்லை, அங்கே ஒரே பலகை ஆளையும் தாங்குகிறது, இரண்டு பக்கத்தையும் பிடித்தும் வைக்கிறது. கனூவில் அப்படி இல்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையில் கட்டிய கனூக்களில் சீட்டே கிடையாது, மண்டியிட்டுத்தான் வலித்தார்கள், ஆனால் த்வார்ட் இருந்தது, வேரால் விளிம்புச் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். சீட் பிறகு வந்தது.

ஆகவே த்வார்ட்டுக்குத் தமிழில் 'துடுப்பு வலிப்போர் இருக்கை' என்று விளக்கம் சொன்னால் அது துடுப்புப் படகுக்குச் சரி, கனூவுக்குத் தவறு. நான் குறுக்குக்கட்டை என்றே எழுதுகிறேன். 'குறுக்கு வலிக்குது' என்று இடுப்பைச் சொல்கிறோமே, படகுக்கும் இடுப்பு இதுதான். குறுக்குச் சட்டம் என்றாலும் ஏற்றுக்கொள்வேன், இருக்கை என்றால் மாட்டேன். நடுக்கட்டையில் தோளுக்கு வளைவு செதுக்கி, கனூவைக் கவிழ்த்துச் சுமக்க வசதி செய்திருந்தால் அதற்கு நுகத்தடி என்ற நம் சொல் அப்படியே பொருந்தும், ஆங்கிலத்திலும் அதை மாட்டு நுகத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டையைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தின் அகலத்தை அளந்து எழுதிவையுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், பிடிப்பு போனதும் பக்கங்கள் விரிந்துவிடும். புதுக்கட்டை குட்டையானால் படகு ஒடுங்கும், நீளமானால் அகலும், இரண்டிலும் தண்ணீரில் அதன் போக்கே மாறிவிடும். பழைய கட்டை உடைந்திருந்தாலும் எறியாமல் அதையே அச்சாக வைத்து வெட்டுங்கள். மரம் எடுக்கும்போது தெரெங்கானுவில் படகு கட்டும் செங்கால் மரம்தான் உறுதி என்று பலர் சொல்வார்கள், உறுதிதான், ஆனால் இந்த வேலைக்குக் கனம் அதிகம். நேரான இழையோடும் முடிச்சில்லாமலும் இருக்கும் நடுத்தர எடை மரம் போதும்.

சீட்டை அப்புறம் பாருங்கள். விளிம்புச் சட்டத்திலிருந்து நீள போல்ட்டில், இடையே கட்டைத்துண்டு கொடுத்துத் தொங்கவிடுவார்கள். தாழ்த்தினால் படகு அவ்வளவாக ஆடாது, ஆனால் மண்டியிட்டு வலிக்கிறவரின் பாதம் சீட்டுக்கு அடியில் தாராளமாகப் போய் வர வேண்டும். படகு கவிழும்போது கால் அங்கே மாட்டினால் உயிருக்கே ஆபத்து, அதனால் போல்ட்டை முறுக்குவதற்கு முன் செருப்புக் காலோடு மண்டியிட்டுப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.